ஊர் சுற்றிய உன் ஜாதகமும் நாம் ஜெயித்த வழக்கும்

கண்ணு,

ஜெயித்துவிட்டோம்! இதை முதலில் எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மேற்கொண்டு கை ஓடாது. நுகர்வோர் ஆணையத்தில் இன்று காலை தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த வேகத்தில், பின்னால் ஷெட்டில் ஓடிக்கொண்டிருந்த காஜா பட்டன் மெஷின்களை எல்லாம் நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தேன். உங்கப்பா, "ஏம்புள்ள, சாயங்காலம் டெலிவரி இருக்குதல்லோ" என்று இழுத்தார். இருந்துட்டுப் போகட்டும் என்றேன். உனக்கு போன் போட்டால் நீ, "ம்மா, லைன்ல நிக்கறேன், சுருக்கமா சொல்லுங்க" என்கிறாய். நான் எந்தக் காலத்திலடா சுருக்கமாகப் பேசியிருக்கிறேன்? நீ ஜோர்டானுக்கு கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போன நாளிலிருந்து இப்படித்தான், நான் சொல்வதில் பாதிதான் உன் காதில் விழுகிறது. நீ வெள்ளிக்கிழமை லீவில் வருகிற வரைக்கும் எனக்குப் பொறுக்காது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உன் ஜாதகம் எந்தெந்த வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாம் சுற்றியதோ, அந்தக் குரூப்புகளிலேயே இந்தக் கடிதத்தையும் சுற்ற விடலாம் என்று இருக்கிறேன். நம்மைப் போல இன்னும் எத்தனை வீட்டில் இந்தக் கூத்து நடக்கிறதோ, அவர்களும் படிக்கட்டும். உனக்குப் பேசிய நிவேதாவிடம் கேட்டுவிட்டேன், சரி என்றாள். நீயும் படித்துவிட்டுச் சரி என்று சொல், அப்புறம்தான் அனுப்புவேன்.

நம் பக்கத்தில் பையனைப் பெற்றவள் பாடு உனக்கு முழுதாகத் தெரியாது. பெண்கள் குறைவு, பையன்கள் ஏராளம். ஒரு பெண் வீட்டுக்காரர் ஜாதகத்தைக் கையில் வாங்கினாலே இங்கே விருந்து போட்ட மாதிரி சந்தோஷப்படுகிறார்கள். எனக்குக் கல்யாணம் பேசியபோது ஜாதகம் அரைப் பக்கம். நட்சத்திரம், எந்தக் குலத்துக் கூட்டம், குலதெய்வம், அவ்வளவுதான். உனக்குப் பார்க்க ஆரம்பித்தபோது பக்கம் பக்கமாக வளர்ந்துவிட்டது. சம்பளம் போடு என்றார்கள், போட்டேன். தோட்டம் எத்தனை ஏக்கர், போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடியில், லைன் வீட்டு வாடகை எவ்வளவு என்றார்கள், அதையும் போட்டேன். அப்புறம் திருமணத் தகவல் மையம் வைத்திருக்கும் மணியண்ணன், "வாயில சொன்னா இப்ப யாருங்க நம்பறாங்க? எல்லாத்துக்கும் ஒரு காப்பி குடுத்துருங்க" என்றார். ஆதார், பான், சம்பளச் சிலிப், பாஸ்போர்ட்டின் முதல் பக்கம் எல்லாம் கொடுத்தேன். கொடுத்ததோடு நிற்காமல், என் பையன் பைல்தான் எல்லாவற்றையும்விடப் பெரிது என்று பெருமை வேறு! ஊரில் எல்லா அம்மாக்களும் அப்படித்தான் திரிந்தோம். பிறந்த தேதியும் நேரமும் நிமிஷம் வரைக்கும் அதில் இருந்தது. அதே தேதிதான் உன் பேங்க் பாஸ்வேர்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் உன்னை அப்போதே நாலு சாத்து சாத்தியிருப்பேன்.

போட்டோவையும் மறந்துவிடாதே. நீ லீவில் வந்தபோது, சட்டையோடு எடுத்தால் எடுப்பாக இல்லை என்று ஸ்டுடியோக்காரர் ஒரு நீலக் கோட்டை மாட்டிவிட்டாரே! உன் தோளுக்கு அது கொஞ்சமும் பொருந்தவில்லை. பின்னால் கிளிப் போட்டு இறுக்கி, "மூச்சு விடாம நில்லுங்க தம்பி" என்றார். நீ மூச்சை அடக்கிக்கொண்டு முழித்த முழி அப்படியே அந்தப் போட்டோவில் இருக்கிறது. அந்தப் போட்டோவை நான் மணியண்ணனைத் தவிர யாரிடமும் கொடுக்கவில்லை. மானம் போய்விடும் என்று நம் ஒறம்பரைச் சொந்தங்களுக்குக்கூடக் காட்டவில்லை.

அப்படி அமைந்ததுதான் பல்லடத்து வரன். நிவேதா அருள்புரத்தில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் வேலையில் இருக்கிறாள். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் ஆடிட்டர்கள் வந்தால், வழியில் அட்டைப்பெட்டி கிடக்கிறதா, தீயணைப்புக் கருவி இருக்கிறதா என்று காட்டிப் பதில் சொல்கிற வேலை. நீங்கள் இரண்டு பேரும் வீடியோவில் பேசிப் பிடித்துவிட்டது. உன் குரலிலேயே எனக்குத் தெரிந்தது. அவள் அப்பா வந்து நாள் குறிப்பதுதான் பாக்கி. அந்த வாரத்தில்தான் நம் வாசலில் ஜீப் வந்து நின்றது.

வரி இலாகாவிலிருந்து இரண்டு பேர். மரியாதையாகத்தான் கேட்டார்கள். உன் பேரைச் சொல்லி, "இருக்காருங்களா?" என்றார்கள். "ஜோர்டான்ல இருக்கானுங்க" என்றேன். "அவரு பேர்ல பனியன் வேஸ்ட் துணி வியாபாரம் நடக்குதுங்க. பில்லு நெறையப் போட்டிருக்காங்க, வரி கட்டல." எனக்குச் சிரிப்புதான் வந்தது. "பனியன் வேஸ்டா? அவன் தொவைக்கப் போட்ட பனியனையே இன்னும் எடுக்கலீங்க" என்றேன். அவர்கள் சிரிக்கவில்லை. உன் பான் நம்பர், ஆதார் நம்பர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாவற்றையும் அச்சுப்பிசகாமல் படித்தார்கள். அப்போதுதான் என் சிரிப்பு நின்றது. சரக்கு எடுக்க வந்த ஆட்டோக்காரர் முதல் எதிர்வீட்டுக்காரர் வரை எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் டீ குடிக்க மெஷினை நிறுத்துவதற்குள் தாக்கல் பல்லடம் போய்ச் சேர்ந்துவிட்டது. நிவேதாவின் அப்பா போன் போட்டார். "ஏனுங்க தங்கச்சி, ஒண்ணுமில்லீங்க, சித்தத் தள்ளி வெச்சுக்கலாமுங்க" என்றார். நம் ஊரில் இதற்கு வேண்டாம் என்றுதான் அர்த்தம், உனக்கே தெரியும். யாரோ ஒரு முகம் தெரியாத பயல் உன் பேரை எடுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறான், அவன் செய்ததற்கு நீ தலைகுனிய வேண்டும்! அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே, சோறு இறங்கவில்லை. உன் பேரைத் திரும்ப வாங்காமல் விடுவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

உன் பேரில் நடக்கும் கம்பெனியின் விலாசம் அவிநாசிபாளையம் என்று சொன்னார்கள். அடுத்த நாளே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். உங்கப்பா பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம், "ரோசனை பண்ணிப் போலாம் புள்ள, ரோசனை பண்ணிப் போலாம்" என்றே வந்தார். அந்த நம்பரில் இருந்தது ஒரு புரோட்டா கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர் ஒருத்தர் மாவு பிசைந்துகொண்டிருந்தார். இங்கே பனியன் வேஸ்ட் குடோன் எங்கே என்று கேட்டேன். "என்னம்மா சொல்லுதிய? இங்க வேஸ்டுன்னா நேத்து மிஞ்சுன சால்னாதான். அதையும் நாங்க வச்சுக்கிடுததில்ல" என்றார். விஷயத்தைச் சொன்னதும் மனுஷன் பதறிவிட்டார். "ஏ யப்பா, என் கடைய வச்சா களவாணித்தனம் பண்ணுதானுவ? நான் எங்க வேணும்னாலும் வந்து சொல்லுதேன்" என்று மாவை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பத் தயாரானார். புரோட்டா நன்றாக இருந்தது. உங்கப்பா இன்னொரு செட் வாங்கிச் சாப்பிட்டார்.

அப்புறம் வரி ஆபீசுக்குப் போனோம். அங்கே இருந்த அம்மணி கம்ப்யூட்டரைத் திருப்பி, கம்பெனி பதிவுக்குக் கொடுத்த போட்டோவைக் காட்டினார். நீலக் கோட்டு! அதே முழி! போட்டோவின் மூலையில் தகவல் மையம் அச்சடித்த பதிவு எண் பாதி வெட்டுப்பட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "இது மணியண்ணன் மையத்துலருந்துதான் போயிருக்குது!" என்று நான் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது.

இங்கேதான் உன் அம்மா ஒரு முட்டாள்தனம் செய்தாள். என் கோபம் உனக்குத் தெரியுமே, உனக்கும் அதேதான் இருக்கிறது, அதனால் கவனமாகக் கேள். நேரே மணியண்ணன் மையத்துக்குப் போய்க் கத்தித் தீர்த்துவிட்டேன். எல்லார் பைலையும் ஒரே இடத்தில் கொட்டி, அதற்கு ஒரு லிங்க் போட்டு, பூட்டும் இல்லாமல் சாவியும் இல்லாமல் குரூப் குரூப்பாக அனுப்பியிருக்கிறார். யார் தட்டினாலும் திறக்கும். எங்களுக்கே ஒரு நாள் வந்த லிங்க்தான், நான் பார்த்திருக்கிறேன். "இன்னைக்கே உங்களைக் கோர்ட்டுல ஏத்தறேன்" என்று நான் சவால் விட்டுவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் லிங்க் செத்துவிட்டது. குரூப்பில் போட்டதையும் அழித்துவிட்டார். என் கையில் இருந்தது என் தொண்டைப் புண் மட்டும்தான். யாராவது உன் விவரத்தைச் சிந்திவிட்டார்கள் என்று தெரிந்தால், வாயைத் திறக்குமுன் போனைத் திற. தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள். சண்டையை எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

இரண்டு நாள் நான் சுருண்டு கிடந்தேன். உங்கப்பா, "விட்டுத் தொலை, நம்ம சனத்துக்குள்ள கேஸு எதுக்கு" என்றார். நீயும் போனில் "விடுங்கம்மா" என்றாய். அப்போது தெரியாத நம்பரிலிருந்து ஒரு போன். "அத்தைங்களா? நான் நிவேதா பேசறேனுங்க." கண்ணு, அவள் அப்பா வேண்டாம் என்று சொன்னதற்குப் பிறகும் என்னை அத்தை என்று கூப்பிடுகிறாள்! "அந்த லிங்க்குல உங்க பையன் பைலு மட்டுமில்லீங்க, என்ற பைலும் இருந்துச்சு. எங்க ஊட்டு விலாசம், என்ற சம்பளம், எல்லாமே. நான் பாத்த அன்னைக்கே முழுசா வீடியோ எடுத்து வெச்சிருக்கேன். லிங்க்கை மூடுங்கன்னு மையத்துக்கு மெயிலும் போட்டேனுங்க. பதிலே இல்ல" என்றாள். ஏன் கண்ணு வீடியோ எடுத்தாய் என்று கேட்டேன். "ஆடிட்ல அப்படித்தானுங்க அத்தை. தப்பைப் பாத்தா மொதல்ல போட்டோ, பொறவுதான் பேச்சு" என்று சிரித்தாள். நான் மெஷின் ஷெட்டுக்குள் நின்று "அட என்ற தங்கமே!" என்று கத்தியதில், பட்டன் வைத்துக்கொண்டிருந்த பீகார் பெண் பயந்துபோய் மெஷினை நிறுத்திவிட்டாள்.

அதற்குப் பிறகு எனக்கு அவள்தான் வாத்தியார். ஒவ்வொரு நாளும் சாயங்காலம் ஒரு வேலை. உன் பழைய சிம் இங்கே என் டிராயரில் இருந்ததால், உன்னையும் லைனில் வைத்துக்கொண்டு உன் ஆதாரில் கைரேகையை வேறு யாரும் பயன்படுத்த முடியாதபடி பூட்டினோம், நினைவிருக்கிறதா? நீ "ம்மா சீக்கிரம்" என்று குதித்தாயே, அன்றைக்குத்தான். உன் பேரில் எத்தனை சிம் இருக்கிறது என்று பார்த்தோம். நமக்குத் தெரியாத ஒன்று இருந்தது, அதை வெட்டிவிடச் சொன்னோம். உன் பான் நம்பரை வைத்து வேறு எங்காவது கம்பெனி பதிந்திருக்கிறார்களா என்று தேடினோம், நல்லவேளை இல்லை. சிபில் கடன் அறிக்கை எடுத்துப் பார்த்தால் ஏதோ ஒரு லோன் ஆப்பில் எவனோ உன் பேரில் தட்டிப் பார்த்திருக்கிறான், கிடைக்கவில்லை. இனி வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த அறிக்கையை நீயே எடுத்துப் பார். பாஸ்வேர்டை மாற்றினாய், மறுபடியும் பிறந்த நாளை வைத்திருந்தால் அங்கேயே வந்து உதைப்பேன். சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுத்து ரசீது வாங்கினோம். அந்த ரசீதையும் புரோட்டா கடைக்காரர் வாக்குமூலத்தையும் நீ ஜோர்டானில் இருந்ததற்கான பாஸ்போர்ட் முத்திரையையும் காட்டித்தான் வரி ஆபீசில் அந்தப் போலிப் பதிவை ரத்து செய்தார்கள்.

ரத்து ஆனதோடு விட்டுவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மணியண்ணனே ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "நடந்தது நடந்துபோச்சுங்க. தம்பிக்கு இதைக் காட்டிலும் பெரிய எடமா நான் பாத்துத் தர்றேன். பீஸே வேண்டாம்" என்றார். பீஸே வேண்டாமாம்! எனக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. "அண்ணா, மன்னாப்புன்னு ஒரு வார்த்தை உங்க வாயில இருந்து வந்துச்சுங்களா? மத்த ஊட்டுக்காரங்க கிட்ட, உங்க பைலும் போயிருச்சுன்னு சொன்னீங்களா? அதைச் சொல்லாம எனக்கு ஆப்பிள் எதுக்குங்க?" என்றேன். அவர் மனசில் கெட்ட எண்ணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் பூட்டத் தெரியாதவர் ஊர்ச் சாவியை எல்லாம் வாங்கி வைக்கக் கூடாது. புதிதாக வந்திருக்கும் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பெரிய அபராதம் உண்டாம், ஆனால் அது அரசாங்கத்துக்குப் போகும், நம் கைக்கு வராது என்றாள் நிவேதா. நமக்கு நஷ்டஈடு வேண்டுமென்றால், காசு வாங்கிக்கொண்டு செய்த சேவையில் குறை என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், வக்கீல்கூட வேண்டாம் என்றாள். முதலில் நஷ்டஈடு கேட்டு மையத்துக்கு நோட்டீஸ் அனுப்பினோம். பதில் வராமல் போன பிறகு மனுப் போட்டோம். உனக்காக நான் பேசலாம் என்று நீ எழுதி அனுப்பினாய். இன்னொரு மனு நிவேதா பேரில்.

விசாரணைக்கு நான் பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. பயமாக இருந்தது, மறைப்பானேன். மணியண்ணன் தரப்பில், "இது நம்ம சனத்துக்குச் செய்யற சேவைங்க, வியாபாரம் இல்லீங்க" என்றார்கள். போனில் பீஸ் கட்டியதை நீட்டினேன். அப்படி ஒரு லிங்க்கே இல்லை என்றார்கள். நிவேதா எழுந்தாள். குரல் உயர்த்தவில்லை, ஆடிட்டருக்குக் காட்டுவதைப் போல வீடியோவை ஓட்டிக் காட்டினாள், அவள் அனுப்பிய மெயிலையும் காட்டினாள். கடைசியில் ஆணையத் தலைவர் என்னைப் பார்த்து, "அம்மா, பதிவுதான் ரத்தாகிவிட்டதே. உங்களுக்கு என்ன நஷ்டம் என்று சொல்லுங்கள்" என்றார். நான் மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் பறந்துவிட்டது. "என்ற பையன் யாரு கிட்டயும் ஒரு சொல்லு வாங்காம வளந்தவனுங்க. இப்ப அவன் பேரைச் சொன்னா வரி ஏய்ச்சவன்னு சொல்றாங்க. முடிவாகியிருந்த கல்யாணம் நின்னுபோச்சு. அவன் ஒரு தப்பும் பண்ணலீன்னு நான் ஊடு ஊடாப் போயிச் சொல்ல முடியுமுங்களா? நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றேன். அழக்கூடாது என்று இருந்தேன், அழுதுவிட்டேன்.

இன்றைக்கு அதைச் சொன்னார்கள்! உனக்கும் நிவேதாவுக்கும் மன உளைச்சலுக்கு நஷ்டஈடு, வழக்குச் செலவு, அத்தோடு பைல் வெளியே போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் மையம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தீர்ப்பில் உன் பேரைச் சொல்லி, இவர் மீது எந்தத் தவறும் இல்லை என்று படித்தார்கள். கண்ணு, நீ பிறந்தபோது உன் பேரைக் காதில் மூன்று முறை சொன்னார்கள். அதற்கு அப்புறம் உன் பேரைக் கேட்டு எனக்கு அப்படிச் சிலிர்த்தது இன்றைக்குத்தான். பின்வரிசையில் நிவேதாவின் அப்பா உட்கார்ந்திருந்ததை நான் வெளியே வந்த பிறகுதான் பார்த்தேன். செருப்பைப் பார்த்துக்கொண்டே, "தங்கச்சி, தப்பா நெனச்சுக்காதீங்க. தம்பியோட ஜாதகத்தை மறுக்கா வாட்ஸ்அப்புல போட்டு உடுங்க, நாள் பாத்தரலாம்" என்றார். மறுபடியும் வாட்ஸ்அப்பாம்! நானும் நிவேதாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டு சிரித்த சிரிப்பில் கட்டடமே அதிர்ந்திருக்கும். "அதெல்லாம் அனுப்ப மாட்டேனுங்கண்ணா. வெள்ளிக்கிழமை பையனே வர்றான், ஊட்டுக்கு வந்து முழுசாப் பாத்துக்குங்க" என்றேன்.

கிளம்பும்போது நிவேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தை, அந்தப் பைலை நான் எத்தனை தடவை பாத்திருப்பேன்! அவரு உயரம், சம்பளம், நட்சத்திரம், போர்வெல்லு வரைக்கும் எனக்கு மனப்பாடம். அதுல இல்லாதது ஒண்ணு சொல்லுங்களேன்" என்றாள். எனக்கு உடனே ஒன்று நினைவுக்கு வந்தது. உனக்கும் இப்போது வந்திருக்கும். என் கண் ஆபரேஷன் சமயத்தில் நீ எனக்காகச் செய்தாயே, நம் இரண்டு பேருக்கு மட்டும் தெரியுமே, அதுதான். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் எதையாவது நாக்கில் நிறுத்தி வைத்து நீ பார்த்திருக்கிறாயா? இன்றைக்கு நிறுத்தினேன். "அது அவனோடது கண்ணு, அவனே சொல்லுவான்" என்று சொல்லிவிட்டேன். இங்கேயும் எழுத மாட்டேன், ஊரே படிக்கப் போகிற கடிதம். வெள்ளிக்கிழமை வா. கோட்டெல்லாம் வேண்டாம், இருக்கிற சட்டையோடு வா. அவளுக்கு அதை நீயே உன் வாயால் சொல்.

உன் அம்மா